மணி அடித்த பிறகு

ஸ்டேஷன் ஆபீசர் ஆக்கினார்கள்.
தோளில் நட்சத்திரம் ஏறியது,
ஏணி வேறொருவன் கைக்குப் போனது.

மணி மட்டும் பழைய மணிதான்.
இரவு இரண்டு பத்து. ஆன்டாப் ஹில், பிளாஸ்டிக் குடோன்.
பையன்கள் கம்பத்தில் வழுக்கி இறங்குகிறார்கள்.
கடைசி பூட்ஸ் ஏறுமுன்பே வண்டி வடாலா சாலையில்.
நான் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.
உட்கார்ந்தே இருக்கிறேன்.
உள்ளே ஒருவன்
உத்தரவு கேளாமல் ஓடுகிறான்.
முப்பது வருடப் பழக்கம் அவனுக்கு.
தண்ணீர் லாரி எங்கே என்று நான் கத்தி முடிப்பதற்குள்
குடோன் வரை போய்த் திரும்பி
விலா எலும்பில் சாய்ந்து இரைக்கிறான்.

அணைந்தது சாப், ஓவர், என்பான் கவங்கர்.
அவர்களுடைய வேர்வை தெருவோடு போயிற்று.
என்னுடையது சட்டைக்குள்ளேயே காய்ந்தது.
கேன்டீனில் எனக்கு இரண்டு வடாபாவ்.
மூன்றாவதை நானே கேட்பேன்.

முற்றத்தில் பளிங்குப் பலகை,
தீயில் போனவர்கள் பெயர், பொன்னெழுத்தில்.
ஏப்ரல் பதினாலு மாலை போடுவோம்.
ஷிரோட்கர் சாப் பெயர் அதில் இல்லை.
அவர் இறந்தது இந்த நாற்காலியில்.
டெலிபோன் காதில்தான் இருந்ததாம்.
மறுமுனையில் ஒரு பெண்
நாலாவது மாடி, நாலாவது மாடி என்று
சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.
நாற்காலிக்குப் பலகை கிடையாது.
புது ரெக்ஸின் தைத்து
எனக்குக் கொடுத்தார்கள்.

மெடிக்கல் செக்கப் வருடாவருடம் வரும்.
'டூட்டி' என்று எழுதி வருடாவருடம் திருப்பி அனுப்புவேன்.
இந்த வருடம் மாட்டிக்கொண்டேன்.
சயானில், ஓடுகிற ரப்பர் தரையில்
ஓடி ஓடி அதே இடத்தில் நின்றேன்.
ஆறாவது நிமிடத்தில் நிறுத்தினாள் டாக்டர்.

அப்பா எந்த வயதில் போனார்?
ஐம்பத்திரண்டு.
உங்களுக்கு?
மேஜையின் தூசியில் ஐந்து போட்டேன்,
பக்கத்தில் ஒன்று.
எப்போது தூங்குவீர்கள்?
மணி அடிக்காதபோது.
எப்போது அடிக்காது?

அடுத்த வாரம் ஆஞ்சியோ.
எத்தனை கட்டிடங்களுக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன்,
படிக்கட்டில் பீரோ வைக்காதே,
சைக்கிள் வைக்காதே, வழியை விடு என்று.
திரையில் பார்த்தேன்.
இடது பக்கப் படிக்கட்டில்
பாதிக்கு மேல் யாரோ சாமான் அடுக்கியிருந்தார்கள்.
யாரோ இல்லை.

வீட்டில் குக்கர் விசிலுக்கு எழுந்து நின்றிருக்கிறேன்.
எதிர் பிளாட் ஆரத்தி மணிக்கு ஒரு நாள்
கட்டிலடியில் பூட்ஸ் துழாவினேன்.
சகாயம் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாளிலிருந்து பானையில் சோறு வடிக்கிறாள்.
கேட்டால், ருசி என்கிறாள்.
உப்பு ஏன் இல்லை என்று
நானும் கேட்கவில்லை.

இப்போது இரவில் ஒரு மாத்திரை, காலையில் இரண்டு.
ஐந்தரைக்கு முற்றத்தில் இறங்கி
ஈர ஹோஸ் சுருட்டுகிறேன்.
பையன்கள் இடம் விட்டார்கள்.
சிரிப்பை அடக்கியதும் தெரிந்தது.
ரிஜிஸ்டரில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்,
ஷிப்ட் ஏறுமுன் எல்லோருக்கும் ரத்த அழுத்தம்.
முதல் பெயர் என்னுடையது.
இரண்டாவதாகக் கை நீட்டிய கவங்கர்
நூற்றைம்பத்தாறைப் பார்த்து
மெஷின் பழுது சாப் என்றான்.
மறுபடி கட்டினோம்.
மெஷினுக்கு ஒன்றுமில்லை.

நேற்றும் அடித்தது. மூன்று ஐந்து. கோலிவாடா, இரண்டாவது மாடி.
வண்டி போயிற்று. உள்ளே இருப்பவன் கிளம்பிவிட்டான்,
அவனைத் தடுக்க எனக்குத் தெரியாது.
ஆகவே நானும் எழுந்தேன்.
மைக்கைப் பிடித்துக்கொண்டு, அவனுக்குத் துணையாக,
வயர் எட்டும் தூரம் நடந்தேன்.
ஏழு அடி போக,
ஏழு அடி வர.